மழை குடித்த கிடாரை மீட்பது எப்படி: மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசியில் இரண்டாவது மழை பிடித்ததும் எங்கள் பக்கம் பரண்களிலிருந்து கிடார்கள் இறங்கத் தொடங்கும். பாடகர் குழுக்கள் கிறிஸ்மஸ் கேரலுக்குப் பயிற்சி ஆரம்பிக்கும் நேரம் அது. மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை என்று எங்கே போனாலும் ஆலயத்து அலமாரியிலோ யாராவது ஒருவர் வீட்டுப் பரணிலோ ஒரு கிடார் கிடக்கும். பத்து மாதம் கழித்து உறையைத் திறந்தால் கம்பிகள் வந்து மாட்டும் கட்டையான பிரிட்ஜ் பின்பக்கம் வாயைப் பிளந்திருக்கும், மேல்பலகை தொப்பை போட்டிருக்கும், கம்பி விரல் எட்டாத உயரத்தில் நிற்கும்.

போன ஐப்பசியில் களியக்காவிளையிலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்த கிடாரில் இந்த மூன்று குறையும் இருந்தன. அவனுடைய அப்பா வாசித்த கிடார். "அண்ணே, கேரலுக்கு முன்னாடி கெடைக்குமா?" என்று கேட்டான். அந்த ஒரு கிடாரை வைத்தே முழு வேலையையும் சொல்கிறேன். இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நாளைக்கு இன்னொருவர் பிரித்துத் திருத்த முடியாத எதையும் கிடாருக்குச் செய்யக்கூடாது. எந்தப் பசை, எவ்வளவு சூடு, எங்கே நிறுத்துவது என்று கீழே வரும் எல்லா முடிவுகளும் இந்தப் பிடிவாதத்திலிருந்து வந்தவைதான்.

நம் ஊரில் கிடார் ஏன் கெடுகிறது

கிடார் செய்பவர்கள் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்கும் அறையில்தான் மரத்தை ஒட்டுவார்கள். நமக்கோ ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே ஈரப்பதம் 80-ஐத் தாண்டிவிடும். ரப்பர் ஷீட் காயாமல் பூசணம் பூப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேல்பலகைக்குப் பயன்படும் ஸ்புரூஸ் மரம் ஈரம் குடித்தால் நீளவாக்கில் அவ்வளவாக நீளாது, குறுக்குவாக்கில்தான் உப்பும். சுற்றுப்பலகை அதை வெளியே விடாது. போக வழியில்லாமல் பலகை மேலே எழும்புகிறது. அதுதான் தொப்பை.

இதோடு கம்பியின் இழுப்பும் சேர்கிறது. 12-53 அளவுள்ள (மெல்லிய கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு, தடித்தது 53 பங்கு தடிமன்) ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும். ஒரு ஆள் இரவும் பகலும் பிரிட்ஜைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி. கோடையில் ஓட்டுக்கூரைக்கடியில் பசை சூட்டில் இளகும், மழையில் மரம் உப்பும், கம்பி இழுத்துக்கொண்டே இருக்கும்.

இதற்கு நேர்மாறான கேடும் நம் வீடுகளில் உண்டு. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஆசையாகக் கிடாரைக் கொண்டுபோவார்கள். அங்கே ஏசி அறையில் காற்று காய்ந்து கிடக்கும். மரம் சுருங்கி, மேல்பலகை நீளவாக்கில் வெடிக்கும். விடுமுறைக்கு வரும்போது அந்த வெடிப்போடு கிடார் திரும்பி வரும்.

முதல் நாள்: பார்ப்பது மட்டும்

முதல் நாள் எந்தக் கருவியையும் எடுக்காதீர்கள். கம்பிகளை முழுச் சுருதியில் இழுத்து வைத்த நிலையிலேயே சில அளவுகளை எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். பிரிட்ஜ் பிய்ந்து வரும் நிலையில் இருந்தால் மட்டும் இதை விட்டுவிடலாம்.

நெக் என்கிற நீளமான கழுத்தின் குறுக்கே பதித்த மெல்லிய உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்டுகள். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஸ்டீல் ஸ்கேலால் பாருங்கள். தடித்த கம்பிக்கு 2.4 மி.மீ, மெல்லிய கம்பிக்கு 1.8 மி.மீ பக்கம் இருந்தால் நல்ல வாசிப்பு. தம்பியின் கிடாரில் தடித்த கம்பி 5 மி.மீ உயரத்தில் நின்றது. அடுத்து, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, நெக் உடம்போடு சேரும் இடத்தில் கம்பியை அழுத்திக்கொண்டு, 7-ஆவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள சந்தைப் பாருங்கள். சாதாரண ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ தடிமன். ஒரு தாள் அல்லது இரண்டு தாள் நுழையும் சந்து சரி. ஐந்தாறு தாள் நுழைந்தால் நெக் வில்லாக வளைந்திருக்கிறது.

மூன்றாவது சோதனைதான் விலையை முடிவுசெய்யும். நேரான நீளப்பட்டை ஒன்றை ஃப்ரெட்டுகளின் மேல் நடுவாக வைத்துப் பிரிட்ஜ் வரைக்கும் நீட்டுங்கள். பட்டையின் நுனி பிரிட்ஜின் மேல்விளிம்பை ஒட்டி உராய்ந்தால் நெக்கின் கோணம் நன்றாக இருக்கிறது. மேல்விளிம்புக்குக் கீழே பிரிட்ஜின் முகத்தில் போய் முட்டினால் நெக் முன்னால் சாய்ந்துவிட்டது. அதற்கான வேலையைப் பின்னால் சொல்கிறேன்.

பிறகு கம்பிகளைத் தளர்த்துங்கள். ஒரே கம்பியை முழுதாக அவிழ்த்துவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், ஆறையும் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. உள்ளே ஒரு சின்ன டார்ச்சையும் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டையும் விடுங்கள். போன் கேமராவும் போதும். உள்பக்கம் மேல்பலகையைத் தாங்கும் பிரேஸ் சட்டங்களின் நுனிகளைப் பாருங்கள். வெளியிலிருந்து விரல்முட்டியால் பலகையை மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். பிரேஸ் விட்டிருக்கும் இடத்தில் கடகடவென்று ஒரு கிழிந்த சத்தம் கேட்கும். அடியில் மாவு மாதிரித் தூள் கொட்டியிருந்தால் மரம் உளுத்திருக்கிறது. அந்தக் கிடாரை மற்றதோடு சேர்த்து வைக்காதீர்கள்.

மேல்பலகை முழுமரமா பிளைவுட்டா என்று ஒலித்துளையின் விளிம்பில் தெரியும். மேலே தெரியும் நரம்புக்கோடுகள் விளிம்பிலும் அப்படியே இறங்கினால் முழுமரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளை. பிளை என்றால் மட்டம் என்று தூக்கிப்போட வேண்டாம். நம் மழையை அது நன்றாகவே தாங்கும். தம்பியின் கிடார் முழு ஸ்புரூஸ்.

இன்னொன்றையும் இப்போதே கவனியுங்கள். நைலான் கம்பிக்கென்று செய்த கிளாசிக்கல் கிடாரில் ஸ்டீல் கம்பி மாட்டியிருப்பதை இங்கே அடிக்கடி பார்க்கிறேன். நைலான் ஆறும் சேர்ந்து 40 கிலோ பக்கம்தான் இழுக்கும், உள்ளே உள்ள சட்டங்களும் அதற்கேற்ற மெலிவு. ஸ்டீல் கம்பி மாட்டினால் பிரிட்ஜ் பறந்துவிடும். அப்படிப்பட்ட கிடாரை ஒட்டிக் கொடுத்துவிட்டு மறுபடி நைலான் மட்டும் மாட்டச் சொல்லுங்கள்.

காயவைப்பது

ஈரம் குடித்த மரத்தின் மேல் ஒட்டினால் அந்த வேலை தையில் பிரிந்து வரும். முதலில் மரத்தை மெதுவாக வற்றவைக்க வேண்டும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியிலோ, ஓட்டை இல்லாத உறையிலோ கிடாரை வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் துணிப்பையில் கட்டி உள்ளே போடுங்கள். சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்றும் உள்ளே இருக்கட்டும். இந்த வேலைக்கு நீங்கள் வாங்கும் மிகப் பயனுள்ள பொருள் அதுதான். ஒரு வாரம் பத்து நாளில் 55 பக்கம் இறங்கட்டும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் என்றால் வெறும் சட்டியில் சூடுகாட்டித் திரும்பவும் பயன்படுத்தலாம்.

வெயிலில் வைக்காதீர்கள். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் ஒருவர் கிடாரைத் தொங்கவிட்டதைப் பார்த்திருக்கிறேன். இரண்டே நாளில் பின்பலகை சுற்றுப்பலகையிலிருந்து விட்டுப்போனது. அவசரமாக வற்றும் மரம் அவசரமாகவே வெடிக்கும்.

தம்பியின் கிடார் ஒன்பது நாள் பெட்டிக்குள் இருந்தது. தொப்பை பாதி தானாகவே இறங்கியது. 5 மி.மீ உயரத்துக்கு மழையும் ஒரு காரணம் என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் நாளே சாடிலை, அதாவது பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சின்னப் பட்டையை, தேய்த்திருந்தால் தை மாதம் கம்பி ஃப்ரெட்டில் இரைந்திருக்கும்.

எந்தப் பசை

பழைய ஆசாரிமார் வச்சிரம் காய்ச்சி ஒட்டுவார்கள். மாட்டுத்தோலிலிருந்து எடுக்கும் பசை அது. வயலினும் பழைய நல்ல கிடார்களும் இதில்தான் ஒட்டப்பட்டன. காய்ந்தால் கண்ணாடி போல் இறுகும், இழுப்பில் நகராது, வெந்நீரும் சூடும் காட்டினால் மறுபடி பிரியும். கட்டியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60 டிகிரி பக்கம் சூடுகாட்ட வேண்டும். கொதிக்கவிட்டால் பலம் போய்விடும். பதம் எப்படி என்றால், மார்த்தாண்டம் தேனை இளஞ்சூட்டில் வைத்துக் குச்சியால் தூக்கினால் எப்படி நூலாக ஒழுகும், அப்படி. ஆனால் தடவி ஒரு நிமிடத்துக்குள், அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் மாட்டியாக வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு அது கஷ்டம்.

முதல் பத்து வேலைக்கு அலிஃபாட்டிக் ரெசின் என்று போட்டிருக்கும் மஞ்சள் நிற மரப்பசையை வாங்குங்கள். டைட்பாண்ட் ஒரிஜினல் அந்த வகைதான். நன்றாகக் காயும், நகர்வு குறைவு, சூடு காட்டினால் பிரியும். மரச்சாமான் ஒட்டும் வெள்ளைப் பசையும் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் இடைவிடாத இழுப்பில் அது மெல்ல நகரும். நாற்காலிக்கு அது பரவாயில்லை, கிடார் பிரிட்ஜுக்குக் கூடாது. சூப்பர் குளூவை ஃப்ரெட், நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பட்டை) மாதிரிச் சின்ன இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எப்பாக்சியை மட்டும் தயவுசெய்து மேல்பலகைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒரு முறை அது ஊறிய மரத்தில் வேறு எந்தப் பசையும் பிறகு பிடிக்காது.

பிரிட்ஜைக் கழற்றி ஒட்டுவது

பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று மி.மீ மட்டும் போய் நின்றால் காத்திருந்து கவனிக்கலாம். பாதிவரை போனால் முழுதாகக் கழற்றி ஒட்டுவதுதான் சரி. சந்துக்குள் பசையை ஊற்றி இறுக்கினால், பழைய பசையின் மேல் புதுப் பசை உட்காரும். ஆறு மாதம் தாங்காது.

சாடிலை எடுத்துவிடுங்கள். பிரிட்ஜைச் சுற்றி மேல்பலகையை அலுமினியத் தாள் ஒட்டிய அட்டையால் மூடுங்கள். பிரிட்ஜ் அளவுக்கு மட்டும் திறந்திருக்கட்டும். துணி தேய்க்கும் பெட்டியை நடுத்தரச் சூட்டில் பிரிட்ஜின் மேல் ஐந்து நிமிடம் போல வைத்து எடுங்கள். மெல்லிய, முனை மழுங்கிய ஸ்பாட்டுலாவைச் சூடாக்கி, விட்டிருக்கும் மூலையிலிருந்து நுழையுங்கள். பைய, பைய. தள்ளக்கூடாது. பசை இளகும்போது கத்தி தானாக உள்ளே போகும். நின்றால் மறுபடி சூடு.

இந்த இடத்தில் எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். என்னுடைய மூன்றாவதோ நான்காவதோ பிரிட்ஜ். வலப்பக்கமிருந்து நுழைந்து பாதிவரை வெண்ணெய் போல் வந்தது. நடுக்கோட்டைத் தாண்டியதும் அதே திசையில் தொடர்ந்தேன். மெல்லிய ஒரு கிழிசல் சத்தம். தூக்கிப் பார்த்தால், இடப்பக்கம் பிரிட்ஜின் அடியில் ஸ்புரூஸ் நார் ஒரு விரல் அகலத்துக்குப் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பலகையில் பள்ளம். மேல்பலகை என்பது ஒரே கட்டையை இரண்டாகப் பிளந்து புத்தகம் போல் விரித்து ஒட்டியது. அதனால் ஒரு பாதியில் நார் எந்தப் பக்கம் சாய்ந்து கீழே இறங்குகிறதோ, மறுபாதியில் அதற்கு எதிர்ப்பக்கம் இறங்கும். ஒரு பாதியில் நாரோடு போகும் கத்தி மறுபாதியில் நாருக்கு எதிராகப் போகிறது. வெளிச்சத்தில் பலகையைச் சாய்த்துப் பார்த்தால் ஒரு பாதி கொஞ்சம் கருப்பாகவும் மறுபாதி வெளுப்பாகவும் தெரியும். கிடாரைத் திருப்பினால் அது மாறும். அப்படித் தெரிந்தால் நடுக்கோட்டில் நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கமிருந்து நுழையுங்கள். நார் பிய்ந்துவிட்டால் பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் நாரை அப்படியே பிரித்தெடுத்து, அதே இடத்தில் திரும்ப ஒட்டிவிட வேண்டும். நானும் அப்படித்தான் செய்தேன்; இரண்டு நாள் கூடுதலாக ஆனது.

கழற்றியதும் இரண்டு முகத்தையும் சுத்தம் செய்யுங்கள். பழைய பசையை இளஞ்சூடான ஈரத்துணியால் ஊறவைத்துச் சுரண்டி எடுக்கலாம். தம்பியின் கிடாரில் பிரிட்ஜ் ஏன் விட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. செய்தவர்கள் வார்னிஷின் மேலேயே பிரிட்ஜை வைத்து ஒட்டியிருந்தார்கள். மரத்தைப் பசை தொடவே இல்லை. விலை குறைந்த கிடார்களில் இது சாதாரணம். பிரிட்ஜ் உட்காரும் இடத்தைச் சுற்றிக் கூர்மையான கத்தியால் லேசாகக் கோடு போட்டு, விளிம்பில் ஒரு மி.மீ விட்டு, உள்ளே உள்ள வார்னிஷை மட்டும் மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். கத்தி மரத்துக்குள் இறங்கக்கூடாது.

மேல்பலகை தட்டையாக இருக்காது, லேசான வளைவு உண்டு. பலகையின் மேல் உப்புத்தாளை முகம் மேலாக ஒட்டி, அதன்மேல் பிரிட்ஜைத் தேய்த்தால் அடிப்பாகம் அதே வளைவுக்கு வந்துவிடும். பிரிட்ஜே உடைந்திருந்தால் புதிது செய்ய ஈட்டி மரத்தைவிட நல்லது வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் இந்த ஈட்டியைத்தான் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969-லிருந்து பிரேசில் ரோஸ்வுட்டுக்குப் பதிலாகப் பயன்படுத்தத் தொடங்கியது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் உடைந்த ஈட்டி நாற்காலிக் கால் ஒன்று கிடைத்தால் மூன்று நான்கு பிரிட்ஜ் வெட்டலாம். இத்தனை வருடம் காய்ந்த மரத்தைக் கடையில் வாங்க முடியாது.

எங்கே ஒட்டுவது என்பதைக் கணக்கால் முடிவு செய்யுங்கள், பழைய தடத்தை மட்டும் நம்பாதீர்கள். நட்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் வரை உள்ள தூரத்தை இரட்டிப்பாக்குங்கள். 324 மி.மீ என்றால் 648. சாடில் இதைவிடக் கொஞ்சம் பின்னால் இருக்க வேண்டும்: மெல்லிய கம்பிக்கு சுமார் 2 மி.மீ, தடித்த கம்பிக்கு 4 அல்லது 5. கம்பியை அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி ஏறுவதை ஈடுகட்டவே இந்தச் சாய்வு.

அடுத்து, பசை இல்லாமல் ஒரு ஒத்திகை. உள்ளே பிரேஸ்களுக்கு வழிவிட்டு வெட்டிய கட்டை, அதன்மேல் பசை ஒட்டாதிருக்க டேப், வாய் ஆழமான சி-கிளாம்ப் மூன்று. பிரிட்ஜ் நகராமல் கம்பிகளைப் பிடிக்கும் ஊசிகள் போகும் துளைகளில் இரு ஓரத்துத் துளைகளிலும் குச்சி சொருகுங்கள். எல்லாம் சரியாக உட்காருகிறதா என்று பார்த்த பிறகு பசையை மெல்லிய படலமாகத் தடவி, கிளாம்ப் மாட்டுங்கள். எனக்குப் பக்கத்து வீட்டு ஆசாரி ஆரம்பத்தில் சொன்னது இது: "மக்களே, கிளாம்ப முறுக்குனா பெலம் வராது. ரெண்டு மொகமும் ஒண்ணோட ஒண்ணு சேந்தாத்தான் பிடிக்கும்." விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்ன மணியாகப் பசை வெளியே வந்தால் போதும், அங்கே நிறுத்துங்கள். வழிந்ததை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். 24 மணி நேரம் என்று டப்பாவில் போட்டிருக்கும். மழைநாளில் நான் 48 மணி நேரம் விடுகிறேன்.

பிரேஸும் வெடிப்பும்

விட்டுப்போன பிரேஸின் சந்துக்குள் பழைய பசைத் தூளை மெல்லிய உப்புத்தாள் விட்டுத் துடைத்தெடுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சால் பசையை விட்டு, மெல்லிய ஸ்பாட்டுலாவால் உள்ளே தள்ளுங்கள். அழுத்திப் பிடிக்க நான் மூங்கில் சிம்பைத்தான் வைக்கிறேன். சரியான நீளத்துக்கு வெட்டி, லேசாக வளைத்து, பின்பலகைக்கும் பிரேஸுக்கும் நடுவில் நிறுத்தினால் வில் போல் தள்ளிக்கொண்டு நிற்கும். பின்பலகைக்கு வெளியே ஒரு கனமான பலகை தாங்கலாக இருக்கட்டும். இல்லையென்றால் பிரேஸ் ஒட்டும், பின்பலகை விடும்.

மேல்பலகை வெடிப்பு காய்ந்ததால் வந்தது என்றால், ஒட்டும் முன் நேர்மாறாகச் செய்ய வேண்டும். பெட்டிக்குள் ஈரமான பஞ்சை, மரத்தில் படாமல், சோப்பு டப்பாவில் வைத்து நான்கைந்து நாள் மூடினால் வெடிப்பு தானே நெருங்கி வரும். பிறகு பசையை விரலால் வெடிப்பில் தடவி, உள்ளே இன்னொரு கையால் பலகையை மேலும் கீழும் அசைத்தால் பசை இறங்கும். பின்னால் ஸ்புரூஸ் துண்டுகள் வைத்து ஒட்டுப்போட வேண்டும்: ஒரு செ.மீ சதுரம், ஒன்றரை மி.மீ தடிமன், நார் வெடிப்புக்குக் குறுக்காக, ஐந்து செ.மீக்கு ஒன்று. ஸ்புரூஸ் இங்கே கடையில் கிடைக்காது. மீட்க முடியாத கிடார்களின் மேல்பலகையை எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுத்துண்டை அழுத்திப் பிடிக்கக் காந்தம் மிக நல்லது, உள்ளே ஒன்று, வெளியே துணிக்கு மேல் ஒன்று. சுற்றுப்பலகை விட்டிருந்தால் பழைய சைக்கிள் டியூபை நீளப்பட்டைகளாகக் கிழித்து, உடம்பைச் சுற்றி இழுத்துக் கட்டுங்கள். எந்த விலையுயர்ந்த கிளாம்பும் அந்த வளைவில் அப்படிச் சீராக அழுத்தாது.

நெக்

வில்லாக வளைந்த நெக்கை, அதற்குள் ஓடும் டிரஸ் ராட் என்கிற இரும்புக் கம்பி நிமிர்த்தும். ஒலித்துளைக்குள்ளோ தலைப்பக்க மூடிக்கடியிலோ ஆலன் கீ போகும் துளை இருக்கும். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, முதலில் இடப்பக்கம் ஒரு துளி தளர்த்திப் பாருங்கள். சுலபமாக அசைகிறதா என்று தெரியும். பிறகு வலப்பக்கம் கால் சுற்று. சுருதி கூட்டி, தாள் வைத்து அளந்து, ஒருநாள் விட்டு மறுபடி கால் சுற்று. திருகவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். உடைந்த ராடை மாற்ற, ஃப்ரெட்டுகள் பதித்த பலகையான ஃப்ரெட்போர்டையே கழற்ற வேண்டிவரும். பழைய மலிவான கிடார்கள் பலவற்றில் இந்த வசதியே கிடையாது.

நீளப்பட்டைச் சோதனையில் நெக் சாய்ந்தது என்று வந்தால் அது வேறு வேலை. நெக்கைக் கழற்றிக் கோணத்தைச் செதுக்கித் திரும்பச் சேர்ப்பது. புறாவால் போல் விரிந்த முனையைக் கோத்த பொருத்து என்றால் ஆவி விட்டுப் பிரிக்க வேண்டும். சிலவற்றில் போல்ட் இருக்கும், சிலவற்றில் மரக்குச்சி. புதிதாகக் கற்பவர்கள் இதைத் தொட வேண்டாம் என்றுதான் சொல்வேன். வீணான கிடார் இரண்டில் பழகிவிட்டு வாருங்கள். அதுவரை சாடிலைக் குறைத்து, மெல்லிய கம்பி மாட்டி வாசிக்கலாம்.

ஃப்ரெட்டுகள்

மழைநாட்டில் ஃப்ரெட் பச்சை பிடிக்கும், நுனி எழும்பும். எழும்பியதை பிளாஸ்டிக் முகமுள்ள சுத்தியலால் மெதுவாகத் தட்டி உட்காரவைத்து, ஓரத்தில் நீர்த்த சூப்பர் குளூ ஒரு துளி விட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஏடிஎம் கார்டின் விளிம்பை மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். சீசா போல ஆடினால் நடு ஃப்ரெட் உயரம்.

பல ஃப்ரெட்டுகள் உயரம் மாறியிருந்தால் முழுதாக மட்டப்படுத்த வேண்டும். கம்பியைக் கழற்றி, நெக்கை நேராக்கி, ஃப்ரெட்போர்டை டேப்பால் மூடி, ஒவ்வொரு ஃப்ரெட்டின் உச்சியிலும் மார்க்கரால் கோடு போடுங்கள். நேரான சட்டத்தில் 320-ஆம் எண் உப்புத்தாளை ஒட்டி நீளவாக்கில் தேயுங்கள். எல்லாக் கோடும் அழிந்த நொடியில் நிறுத்துங்கள். தட்டையான உச்சிகளை விளிம்பு மழுக்கிய முக்கோண அரத்தால் மறுபடி உருட்டி, 400, 600, 1000, 1500 என்று தேய்த்து ஏற்றினால் வெள்ளி போல் மின்னும்.

ஃப்ரெட்போர்டு காய்ந்து வெளுத்திருந்தால் ஆளிவிதை எண்ணெய் நான்கு சொட்டு துணியில் தொட்டுத் துடைத்து, பத்து நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் அதுதான் கைக்கு வரும், ஆனால் அது மரத்துக்குள் சிக்கு நாற்றம் எடுக்கும், அழுக்கைப் பிடித்து வைக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே சூடாகித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவைத்துவிட்டு எறியுங்கள்.

நட்டும் சாடிலும்

பிளாஸ்டிக் நட், சாடிலை எலும்புக்கு மாற்றினால் சத்தத்தில் தெளிவு கூடுவது காதில் தெரியும். களியக்காவிளைப் பக்கம் இறைச்சிக் கடையில் கேட்டால் மாட்டுத் தொடை எலும்பு கிடைக்கும். மஜ்ஜையை எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் சிறிது நேரம் வேகவைத்து, சில வாரம் காயவிட்டு, ரம்பத்தால் துண்டு போடுங்கள். ரொம்ப நேரம் கொதிக்கவைத்தால் எலும்பு நொறுங்கும். அறுக்கும்போது முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு.

நட்டில் கம்பி உட்காரும் பள்ளத்தின் ஆழத்தைச் சரிபார்க்க, கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டுக்கு மேல் மயிரிழைச் சந்து இருக்க வேண்டும், தாள் தொட்டும் தொடாமலும் போகும் அளவு. தனி அரம் விலை அதிகம். கேஸ் வெல்டிங் நாசில் குத்தும் கம்பிச் செட் ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும். வெவ்வேறு தடிமனில் உருண்டையான அரங்கள் அவை, இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும். ஆழமாகப் போய்விட்டால் எலும்புத் தூளை நிரப்பி சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு மறுபடி அறுக்கலாம். முடிவில் பென்சில் முனையால் பள்ளங்களில் ஒரு கீறல். கம்பி சிக்காமல் நழுவும்.

சாடிலுக்கு ஒரே கணக்கு: 12-ஆவது ஃப்ரெட்டில் அரை மி.மீ இறக்க வேண்டுமென்றால் சாடிலில் ஒரு மி.மீ குறைக்க வேண்டும். அடியில் பென்சில் கோடு போட்டு, கண்ணாடியின் மேல் உப்புத்தாளை வைத்து, நிமிர்த்திப் பிடித்துத் தேயுங்கள். அடி கோணினால் கம்பியின் அதிர்வு பலகைக்குச் சரியாக இறங்காது.

மிச்ச வேலைகள்

கம்பியை முறுக்கும் கீகள் இறுகியிருந்தால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பல் தேய்ந்திருந்தால் செட்டாக மாற்றிவிடுங்கள். பூசணத்தை லேசான ஈரத்துணியால் துடைத்து உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள். பழைய கிடாரில் அரக்குப் பாலிஷ் இருக்கலாம். ஸ்பிரிட் பட்டால் அது கரையும், அதனால் மறைவான இடத்தில் ஒரு துளி தொட்டுப் பாருங்கள். கீறல்களைப் போக்க மேல்பலகை முழுவதையும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். அந்தப் பலகையே மூன்று மி.மீக்குள்தான் இருக்கும். கேட்பவர்களிடம் நான் கீறலை விட்டுவைக்கச் சொல்லித்தான் வாதாடுவேன். தம்பியின் கிடாரில் ஒலித்துளைக்குக் கீழே அவன் அப்பாவின் சுண்டுவிரல் நகம் பட்டுப் பட்டு ஒரு பிறை போலத் தேய்ந்திருந்தது. அதை நான் தொடவில்லை.

மீட்ட கிடாருக்கு 12 அளவுக் கம்பி மாட்டாதீர்கள். 10 அல்லது 11 அளவில் தொடங்குங்கள். முதல் நாள் ஒரு முழுச் சுரம் இறக்கி வைத்து, மறுநாள் சுருதிக்கு ஏற்றுங்கள். ஒரு வாரம் கழித்துப் பிரிட்ஜின் பின்விளிம்பில் அதே தாளை நுழைத்துப் பாருங்கள்.

தம்பி டிசம்பர் முதல் வாரம் வந்து வாங்கிப் போனான். தடித்த கம்பி 2.5, மெல்லியது 1.8. உறைக்குள் சிலிக்கா ஜெல் பையும் மீட்டரும் வைத்தேன். பரணில் போட வேண்டாம், கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரோரம் உறைக்குள் இருக்கட்டும், வாசிக்காத மாதங்களில் இரண்டு சுரம் தளர்த்திவிடு என்றேன். இன்னொரு சாடிலும் செய்து, ஒரு சின்னக் காகித உறையில் போட்டு "தை, மாசி, பங்குனி" என்று எழுதிக் கொடுத்தேன். மாட்டியிருப்பதைவிட அது முக்கால் மி.மீ உயரம். மழை விட்டுக் காற்று காய்ந்ததும் பலகை இறங்கும், கம்பி இரைய ஆரம்பிக்கும். அன்றைக்கு அவன் கம்பியைத் தளர்த்தி, இதை எடுத்து மாட்டிக்கொண்டால் போதும். ஆனி மழைக்குப் பழையதை மறுபடி மாட்ட வேண்டும்.